தன் வண்டியைத் தானே தூக்க வேண்டும்

லீடருக்கு லீடர் என்று பேர் வைத்தது வேறு யாரும் இல்லை, லீடரேதான். நண்பர்கள் மூவரும் மோட்டார் சைக்கிளில் காட்டுப் பக்கம் போய் நாலைந்து நாள் சுற்றிவிட்டு வருவது என்று முடிவான அன்றே, "ஒரு கூட்டம்னா ஒரு லீடர் வேணும்" என்று தானே எழுந்து, தானே முன்மொழிந்து, தானே கையையும் தூக்கினார். மற்ற இருவரும் அப்போது டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வாய் நிறைய சூடான டீ இருந்ததால் அவர்களால் மறுத்துப் பேச முடியவில்லை. தேர்தல் அத்தோடு முடிந்தது.

தொழிலில் அவர் சோபா தைப்பவர். கிழிந்த சோபா, குழி விழுந்த நாற்காலி, ஸ்பிரிங் துருத்திக்கொண்ட கார் சீட்டு எல்லாம் அவர் கடைக்குத்தான் வரும். கடைக்குள் நுழைந்தால் பசை வாசனை மூக்கில் ஏறும். சுவரோரம் ஸ்பாஞ்சு ரோல்கள் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். ஊரில் பாதிப் பேர் அவர் தைத்த இருக்கையில்தான் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினார்கள், சாப்பிட்டார்கள், பஸ்ஸில் வெளியூர் போனார்கள். அவர் மட்டும் எங்கேயும் போனதில்லை. போக வேண்டும் என்று ஆசை இல்லாமலா? நெஞ்சு முழுக்க ஆசை. ஒரு வருஷம் மகளுக்குப் பரீட்சை, ஒரு வருஷம் ஹோட்டல்காரரின் அவசர ஆர்டர், ஒரு வருஷம் இடுப்புப் பிடிப்பு. ஒவ்வொரு தடவையும் வாங்கி வைத்த ஹெல்மெட்டைத் துடைத்துத் திரும்ப அலமாரியில் வைப்பார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பாவமாக இருக்கும்.

மற்ற இருவரையும் சொல்லிவிடுகிறேன். ஒருவன் விழா மேடைகளுக்கு அலங்காரம் செய்பவன். பலூன் வளைவு, தெர்மோகோல் பூ, ஜிகினாத் திரை எல்லாம் அவன் கைவேலை. வயிறும் தொழிலுக்குத் தகுந்தாற்போல் உப்பியிருக்கும், ஆகவே அவன் பேர் பலூன். இன்னொருவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர், எல்லோருக்கும் வாத்தியார். வாழ்நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "மெதுவா, மெதுவா" என்று சொல்லியே பழகிய மனுஷர். அவர் தானே வண்டி ஓட்டினாலும் வாயில் அதே "மெதுவா, மெதுவா"தான் வரும். வண்டியும் சொன்ன பேச்சைக் கேட்கும்.

திட்டம் போடும் கூட்டமெல்லாம் லீடரின் கடையில்தான் நடந்தது. டெலிவரிக்குத் தயாராக பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கும் யாரோ ஒருவருடைய சோபாவில் மூவரும் கிறீச் கிறீச்சென்று உட்காருவார்கள். போகும் பாதையை ஒரு டீ ஆறுவதற்குள் முடிவு செய்துவிட்டார்கள்: தார் ரோடு முடிகிற இடத்தில் தொடங்கி, சேற்றுப் பாதை, பாறைச் சரிவு, ஓடை, அதைத் தாண்டினால் காடு, ராத்திரிக்குக் கூடாரம். ஆளுக்கொரு கூடாரம், சமையல் சாமான் மட்டும் லீடர் பொறுப்பு. டீ-ஷர்ட்டில் என்ன படம் போடுவது என்பதற்குத்தான் மாதக்கணக்கில் சண்டை. சிறுத்தை வேண்டும் என்றார் லீடர். கழுகு என்றார் வாத்தியார். கடைசியில் பலூன் போய் அடித்துக்கொண்டு வந்த சட்டையில் இருந்தது சிறுத்தையா கழுகா என்று இன்றைக்கு வரை யாருக்கும் தெரியாது. அதற்கு இறக்கையும் இருந்தது, மீசையும் இருந்தது.

வண்டி விஷயத்தில் மூவருக்கும் ஒரே கொள்கை, பெரிசாக இருக்க வேண்டும். பழைய வண்டிகள்தான், ஆனால் ஒவ்வொன்றும் எருமை அளவு. லீடர் ஏறி உட்கார்ந்தால் கால் தரையைத் தொடவில்லை. அவர் சளைத்தவரா? சீட்டைக் கழற்றி, உள்ளே இருந்த ஸ்பாஞ்சை வழித்தெடுத்து உயரத்தைக் குறைத்தார். கால் எட்டியது. ஊருக்கெல்லாம் மெத்தென்று சீட்டு தைப்பவர் இப்போது பலகை மாதிரி ஒன்றின் மேல் உட்கார்ந்துகொண்டு, "சூப்பரா இருக்கு" என்று பல்லைக் கடித்தார்.

இதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் போனது. மச்சான் வந்தான், வினை வந்தது.

மச்சான் என்றால் லீடரின் மனைவிக்குத் தம்பி. ஒல்லியான பையன், நல்லவன், சொன்ன வேலையைச் செய்வான். ஆனால் வேலை பார்ப்பதோ ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில், நஷ்டஈடு கேட்டு வருகிற விண்ணப்பங்களைப் படிக்கும் பிரிவில். யார் வீடு எரிந்தது, யார் கார் குளத்தில் இறங்கியது, யார் தலையில் பூந்தொட்டி விழுந்தது என்று பொழுதெல்லாம் படித்துப் படித்து, அவனுக்கு உலகமே விழக் காத்திருக்கும் பூந்தொட்டியாகிவிட்டது. அவன் வந்து சோபா நுனியில் உட்கார்ந்தான் என்றால் கேள்வி தொடங்கிவிடும்.

"மாமா, மழை வந்தா?"

"ரெயின்கோட் இருக்குடா."

"கோட் கிழிஞ்சா?"

"தைக்கிறதுதானடா என் தொழிலே?"

"ஊசி தொலைஞ்சா?"

லீடர் பெருமூச்சு விட்டார். பலூன் கூரையைப் பார்த்தான். மச்சான் விடவில்லை. "சரி, பாம்பு வந்தா?"

"வந்தா உன்னை முன்னால விடறோம்டா. நீ கேக்கற கேள்வியில அதுவே ஓடிப்போயிடும்" என்றார் வாத்தியார்.

இவனைக் கூட்டிக்கொண்டு போனால் காட்டில் நிம்மதி என்பதே இருக்காது என்று மூவரும் ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். அவர்கள் ஒருமனதாகத் தீர்மானித்தது அது ஒன்றைத்தான். ஆனால் வீட்டம்மா வேறு தீர்மானம் வைத்திருந்தார்.

"தம்பியும் வரட்டுமே" என்றார், துணி மடித்துக்கொண்டே. "அவன் கூட இருந்தா எனக்கு நிம்மதியா இருக்கும். அவன் இல்லாம நீங்க போறதுன்னா யோசிக்கணும்."

யோசிக்கணும் என்றால் அந்த வீட்டில் முடியாது என்று அர்த்தம். லீடர் ஒரு வாரம் தூக்கம் கெட்டு யோசித்தார். பிறகு ஒருநாள் ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டிருந்தபோது மின்னல் வெட்டியது. காட்டுப் பாதையில் வண்டி விழாமல் இருக்காது. விழுந்த வண்டியைத் தூக்கத் தெரியாதவன் காட்டுக்கு வரலாமா? கூடாது. மச்சானோ ஊதினால் பறக்கிற உடம்பு. ஆகவே விதி: கிளம்புகிற காலையில், சாமான் எல்லாம் கட்டிய வண்டியைத் தரையில் படுக்கப்போட வேண்டும். அவரவர் வண்டியை அவரவரே தனியாகத் தூக்கி நிறுத்த வேண்டும். முடியாதவர் வீட்டுக்குப் போகலாம்.

"இது பாதுகாப்பு விதி. உலகம் பூரா இருக்கு" என்று மனைவியிடம் சொன்னார், முகத்தை மிகவும் வருத்தமாக வைத்துக்கொண்டு. "தம்பிக்கு முடியலைன்னா, என் கையில ஒண்ணும் இல்லம்மா."

மனைவி மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சரிங்க. விதின்னா விதிதான். அவன் தூக்கலைன்னா அவன் வேணாம். நீங்க தூக்கலைன்னா நீங்களும் போக வேணாம். நானே வந்து நின்னு பாக்கறேன்."

அந்த இரண்டாவது பகுதியை லீடர் யோசித்தே பார்த்திருக்கவில்லை. சத்தியமாக யோசிக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஒத்திகை பார்த்தார். வண்டிக்கு அடிபடக் கூடாதே என்று தரையில் நல்ல கனமான ஸ்பாஞ்சு விரித்து, மேலே ஒரு பழைய விரிப்பும் போட்டு, குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் மெதுவாகப் படுக்க வைத்தார். அதுவரை அழகாக நடந்தது. பிறகு தூக்கினார். வண்டி அசையவில்லை. மூச்சைப் பிடித்துத் தூக்கினார். இடுப்பில் எங்கோ 'களுக்' என்றது, வண்டி மட்டும் அசையவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டுத் தூக்கினார். வண்டி சுகமாகப் படுத்திருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா நாற்காலி மெத்தை வாங்க ஷட்டருக்கு அடியில் குனிந்து வந்தார். மெத்தை மேல் கிடந்த வண்டியைப் பார்த்தார். வியர்த்து வழிந்த லீடரைப் பார்த்தார். "வண்டிக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

"ரெஸ்ட் எடுக்குதும்மா" என்றார் லீடர். வேறு என்ன சொல்வார்?

கடைசியில் பக்கத்துக் கடை ஆட்கள் வந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். அவர்கள் போவதற்குள் மனைவி சாப்பாட்டுக் கூடையோடு வந்துவிட்டார். தரையில் விரித்திருந்ததைக் கையால் அமுக்கிப் பார்த்தார். "வண்டிக்கு இவ்வளவு நல்ல மெத்தையா? நம்ம வீட்டு மெத்தையில குழி விழுந்து எத்தனை வருஷமாச்சு, உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுவிட்டுக் கூடையை வைத்துவிட்டுப் போனார். லீடருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெட்கம் ஒரு பக்கம். அதைவிட, இந்த வருஷமும் ஹெல்மெட்டைத் துடைத்து அலமாரியில் வைக்க வேண்டுமே என்ற நினைப்பு. அதை நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. தான் போட்ட விதியில் தானே மாட்டிக்கொண்டு முழிக்கிற மனுஷன் யாரிடம் போய் அழுவது?

ஆனால் தொழில் தெரிந்தவன் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவானா? அவர் கண் ஸ்பாஞ்சு ரோல்கள் மேல் போனது. வண்டியின் இரண்டு பக்கமும் தொங்குகிற பைகளில் கூடாரம், படுக்கை, அடுப்பு, பாத்திரம், அரிசி, டப்பா என்று கனமானதெல்லாம் இருந்தது. அதை அத்தனையும் எடுத்துவிட்டு ஸ்பாஞ்சு வைத்தால்? எடை போயே போயிற்று. அதுமட்டுமா, கெட்டியான ஸ்பாஞ்சை அமுக்கி அமுக்கித் திணித்தால் பை உருண்டு திரண்டு நிற்கும். வண்டியைச் சாய்த்தாலும் பை முட்டுக்கொடுத்து, முழுசாகப் படுக்கவே விடாது. பாதி தூக்கிய மாதிரியேதான் கிடக்கும்! இந்த மூளையை இறைவன் எதற்குக் கொடுத்தான் என்று அவருக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. பையின் அளவுக்குக் கத்தியால் அளந்து வெட்டி, மூலை பிசகாமல் திணித்தார். அவர் வாழ்க்கையில் செய்த மெத்தை வேலைகளிலேயே அதுதான் நேர்த்தியான வேலை. நிஜச் சாமானை ரோல்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். சோதனை முடிந்ததும் எல்லோரையும் டீக்கடைக்கு அனுப்பிவிட்டு மாற்றிக்கொள்ளலாம் என்பது திட்டம்.

கிளம்புகிற காலை வந்தது. கடைக்குப் பின்னால் உள்ள முற்றத்தில் எல்லோரும் கூடினார்கள். மூவரும் மீசை வைத்த கழுகுச் சட்டையில் நின்றார்கள். வீட்டம்மா கடைச் சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடுவர் மாதிரி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். மச்சான் வந்து நிறுத்திய வண்டியை லீடர் ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார். அவன் ஆபீஸுக்குப் போகிற அதே சின்ன வண்டி. அதன் மேல் சாமான் என்னவோ கூரை உயரத்துக்குக் கட்டியிருந்தது.

"இந்த வண்டியிலயாடா காட்டுக்கு வர்ற?"

"விதியில வண்டி எவ்வளவு பெருசா இருக்கணும்னு சொல்லலையே மாமா?"

சொல்லவில்லைதான். லீடர் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் வானத்தைப் பார்த்தார்.

மச்சானை முதலில் தூக்கச் சொன்னார்கள். வண்டியைச் சாய்த்ததும் சாமானோடு 'தொம்' என்று மண்ணில் விழுந்தது. அவன் தூக்கினான், வழுக்கியது. மறுபடி தூக்கினான், பாதி வந்து மறுபடி விழுந்தது. பலூன் "பரவாயில்லப்பா, அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று ஆறுதலே சொல்லத் தொடங்கிவிட்டான். மச்சான் காதில் வாங்காமல், முகமெல்லாம் சிவக்க, "அம்மாடியோவ்!" என்று ஒரு சத்தம் போட்டு, தள்ளாடித் தள்ளாடி நிறுத்தியேவிட்டான். அக்கா கைதட்டினார். மூன்று கழுகுகளுக்கும் மூஞ்சி தொங்கிப்போனது.

அடுத்து பலூன். குனிந்தான், "ஹூம்ம்ம்" என்று முக்கினான், வண்டி எழுந்துவிட்டது. முக்கலுக்கும் எழுந்த வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை. வாத்தியாரும் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே தூக்கிவிட்டார். லீடருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இவர்களுக்கு இவ்வளவு பலமா? நாம்தான் உடம்பை விட்டுவிட்டோமோ? வருத்தத்தோடு தன் வண்டியைச் சாய்த்தார். ஸ்பாஞ்சுப் பை முட்டுக்கொடுத்து, வண்டி பாதியிலேயே நின்றது. இடுப்பு 'களுக்' என, தூக்கிவிட்டார். மனைவி முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு தெரிந்தது. பெருமைப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

"ஆச்சு! எல்லாரும் போய் ஒரு டீ சாப்பிட்டு வாங்க, அதுக்குள்ள நான்..." என்று தொடங்கினார்.

"டீயெல்லாம் வேணாம்!" என்றான் பலூன். "வெயில் ஏறுது, கிளம்பு கிளம்பு!" என்றார் வாத்தியார். இரண்டு பேரும் ஏற்கெனவே வண்டி மேல் இருந்தார்கள்.

"மாமா, எல்லார் பையையும் ஒருதடவை திறந்து பாத்துடலாமா? ஏதாவது மறந்திருந்தா?" என்றான் மச்சான்.

"வேணாம்!" என்று மூன்று குரல் சேர்ந்து கத்தியது. மனைவி கடையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "பத்திரமா போய்ட்டு வாங்க" என்றார். சாமான் உள்ளே, ஸ்பாஞ்சு வெளியே, லீடர் ரோட்டில்.

போகிற வழியெல்லாம் லீடர் தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். கூடாரம் இல்லாவிட்டால் என்ன, பலூன் கூடாரத்தில் ஒண்டிக்கொள்ளலாம். சாப்பாட்டுக்கு யாரிடமாவது ஏதாவது இருக்காதா? இந்த எண்ணத்தில் அவர் பலூனிடம் ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டார். வேடிக்கை என்னவென்றால் பலூனும் அவரிடம் அப்படியே நடந்துகொண்டான்.

"லீடர், உன் டெண்ட் பெருசுதானே? ரெண்டு பேர் தாராளமா படுக்கலாம் இல்ல?"

"உன்னோடதுதான் நல்லா இருக்கும்னு கேள்விப்பட்டேன்."

"சேச்சே, வாத்தியாரோடதை அடிச்சுக்க முடியாது."

"எனக்கெதுக்குத் தனி டெண்ட்? நான் உங்க காலடியில சுருண்டுக்கறேன்" என்றார் வாத்தியார். இவ்வளவு அடக்கம் அவரிடம் முன்னே பின்னே கண்டதில்லை.

தார் ரோடு முடிந்தது. சேறு வந்தது, பாறை வந்தது. விழுந்தார்கள், எழுந்தார்கள், கத்தினார்கள், சிரித்தார்கள். லீடருக்கு உடம்பெல்லாம் சேறு, மனசெல்லாம் சந்தோஷம். பலகை சீட்டு உலுக்கிய உலுக்கலில் இடுப்பு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அதைப் பற்றி அவருக்குக் கவலையும் இல்லை. வந்துவிட்டேன், வந்தேவிட்டேன் என்று ஹெல்மெட்டுக்குள் தனியாகக் கத்திக்கொண்டே போனார்.

அந்தக் கத்தலிலேயே ஓடைக்குள் இறங்கினார். நடு ஓடையில் ஒரு வழுக்குப் பாறை. வண்டி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். தண்ணீர் முழங்கால் அளவுதான், ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வண்டி பையோடு தண்ணீரில் கிடந்தது. ஸ்பாஞ்சு தண்ணீரில் கிடந்தால் என்ன செய்யும்? அதன் வேலையைச் செய்தது. நல்ல தரமான ஸ்பாஞ்சு, நிதானமாக, ஆசை தீர ஓடையைக் குடித்தது.

நான்கு பேரும் சேர்ந்து தூக்கினார்கள். அசையவில்லை.

"காலைல தனியா தூக்கினீங்களே மாமா, எப்படி?" என்று மூச்சு வாங்கினான் மச்சான். "பைக்குள்ள அப்படி என்ன இருக்கு?" கேட்டுக்கொண்டே, மாமா வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டுவதைக் கவனிக்காமல், பையைத் திறந்துவிட்டான்.

மஞ்சள் ஸ்பாஞ்சு கொழகொழவென்று வெளியே வந்தது. ஒரு துண்டு ஓடையோடு மிதந்து போனது. பிறகு பலூன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான் பாருங்கள், கரையில் உட்கார்ந்து, படுத்து, உருண்டு சிரித்தான். "லீடராம் லீடர்! மெத்தையைத் தூக்கிட்டு வந்திருக்கான்!"

லீடருக்கு மானம் போயிற்று. தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதான்டா. வராம போயிடுவேனோன்னு பயம். இன்னிக்கு உன் டெண்டுல படுத்துக்கறேன்" என்றார்.

பலூனின் சிரிப்பு பட்டென்று நின்றது. "என் டெண்டா?" என்றான். "வாத்தியார் டெண்டுல படேன்."

வாத்தியார் தன் வண்டியின் முன்னால் போய்ப் பையை மறைத்துக்கொண்டு நின்றார்.

இதற்கு மேல் சொல்ல வேண்டுமா? மச்சான் போய்ப் பலூனின் பையைத் திறந்தான். உள்ளே பலூன். சிவப்பு, நீலம், பச்சை, ஊதிக் கட்டிய பலூன், பை நிறைய. வாத்தியாரின் பையில் டிரைவிங் ஸ்கூலில் எட்டுப் போடச் சொல்லி வரிசையாக வைப்பார்களே, அந்த ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் கூம்புகள்.

"கூம்புக்குள்ள காத்துதானே? வெயிட்டே இருக்காது" என்றார் வாத்தியார், பாடம் நடத்துகிற குரலில்.

"மூணு பேர்ல ஒருத்தராவது சோறு கொண்டு வந்தீங்களா?" என்று கேட்டான் மச்சான். அந்த நேரம் பார்த்து மழை வந்தது.

மழை வந்தா என்று கேட்டவன் ஒருவன்தானே அங்கே இருந்தான்? மச்சான் கயிற்றை அவிழ்த்தான். சின்ன வண்டியிலிருந்து கூடாரம் வந்தது. தார்ப்பாய் வந்தது. அடுப்பு, பாத்திரம், ரொட்டி, தவிட்டு டப்பாவுக்குள் உடையாமல் வந்த முட்டை, காய்ந்த துணி, டார்ச், மருந்து, ஊசி, அந்த ஊசி தொலைந்தால் இன்னொரு ஊசி எல்லாம் வந்தது. மூன்று எருமைகள் காற்றைச் சுமந்து வந்த பாதையில் ஒரு கன்றுக்குட்டி குடும்பத்தையே சுமந்து வந்திருந்தது. ஓடையில் கிடந்த வண்டியை, ஸ்பாஞ்சைப் பிடுங்கிப் பிழிந்து எறிந்த பிறகு, நால்வரும் தூக்கி நிறுத்தினார்கள்.

இருட்டுவதற்குள் கூடாரம் நின்றது. இரண்டு பேர் படுக்கிற கூடாரத்துக்குள் நான்கு பேர். பலூன்களைத் தலைக்கு வைத்துக்கொண்டார்கள், யாராவது திரும்பினால் 'டப்' என்று ஒன்று வெடித்தது. வெளியே வாத்தியார் மனசு கேட்காமல் கூடாரத்தைச் சுற்றிக் கூம்புகளை வரிசையாக வைத்திருந்தார். காட்டில் எந்த லாரி வந்து மோதும் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. மச்சான் முட்டையை அவித்து உரித்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தான். லீடர் அதை வாங்கும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போது போன் அடித்தது. அந்த இடத்தில் சிக்னல் கிடைத்தது மச்சானின் போனுக்கு மட்டும்தான், அதுவும் அவன் கூடுதலாக வாங்கி வந்த இரண்டாவது சிம் கார்டில். "அக்கா" என்றான்.

லீடர் முட்டையை அவசரமாக விழுங்கினார். இவன் எதையும் மறைக்கத் தெரியாதவன். இரண்டு கையையும் கூப்பி, "சொல்லிடாதடா" என்று உதட்டை மட்டும் அசைத்தார்.

மச்சான் அவரைப் பார்த்தான். ஸ்பீக்கரைப் போட்டான். "மாமா நல்லா இருக்கார்க்கா. மாமாதான் எல்லாருக்கும் சமைச்சார். மாமா டெண்டுலதான் எல்லாரும் இருக்கோம். ஒரு குறையும் இல்ல."

பையன் வாழ்க்கையில் சொன்ன முதல் பொய்யாக இருக்கும். காது மடல் சிவந்துபோயிருந்தது.

"அப்படியா, சந்தோஷம்" என்றார் அக்கா. "கடையில ஸ்பாஞ்சு ரோலுக்குப் பின்னால ஒரு டெண்டும் அடுப்பும் அரிசியும் இருக்கே, அது யாருதுன்னு மட்டும் உங்க மாமாவைக் கேட்டுச் சொல்லு."

ஒரு பலூன் டப்பென்று வெடித்தது. லீடர் போனை வாங்கினார். "என்னுதுதாம்மா" என்றார், ரொம்பச் சின்னக் குரலில். "எப்ப பாத்த?"

"நீங்க ஒளிச்சு வெச்ச அன்னிக்கே பாத்துட்டேன். பின்ன, கடையை யார் பெருக்கறாங்கன்னு நினைச்சீங்க? அதான் தம்பி வண்டியில நாலு பேருக்கும் சேத்துக் கட்டி விட்டேன். பாவம், எதுக்குன்னு அவனுக்கே தெரியாது. தூக்க முடியாம எப்படித் தள்ளாடினான் பாத்தீங்கல்ல?"

"தெரிஞ்சும் எதுக்கு விட்ட? விதின்னா விதின்னு சொன்னியே."

"வருஷா வருஷம் அந்த ஹெல்மெட்டைத் துடைச்சு உள்ள வெப்பீங்களே" என்றார் மனைவி. "அதை இன்னொரு தடவை பாக்க என்னால முடியலைங்க. சரி, நல்லா சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்" என்றார் லீடர். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். கூடாரம் ஒழுகுகிறது என்றார். அது ஒழுகவே இல்லை என்பது நால்வருக்கும் தெரியும், ஆனாலும் பலூன் மேலே அண்ணாந்து பார்த்து, "ஆமா, லேசா ஒழுகுது" என்றான்.

மழை வலுத்தது. வெளியே ஒரு கூம்பு உருண்டு ஓடுகிற சத்தம் கேட்டது. லீடர் நெருக்கியடித்துக்கொண்டு மச்சான் பக்கம் திரும்பினார். "மாப்ள, நாளைக்கும் இதே மாதிரி மழை வந்தா?" என்று கேட்டார். "அந்தப் பாறைச் சரிவுல வண்டி விழுந்தா? என்னால தூக்க முடியாம போனா?"

மச்சான் கடைசி முட்டையை உரித்து இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியை அவர் கையில் வைத்தான்.

"போனா என்ன மாமா? நாலு பேர் இருக்கோமே, தூக்கிக்கலாம்" என்றான்.